உலையில் போடாத அரிசி

எங்கள் சபையில் ஒரு வழக்கம் உண்டு. சோறு வடிக்க அரிசி அளக்கும்போது, களைவதற்கு முன்னால் அதிலிருந்து ஒரு கைப்பிடி எடுத்துத் தனி டப்பாவில் போட்டுவிட வேண்டும். வாரம் முழுக்கச் சேர்ந்ததை ஞாயிற்றுக்கிழமை ஒரு பையில் கொண்டுபோய், எங்கள் வேதக்கோயிலில் பீடத்துக்குப் பக்கத்தில் இருக்கும் தகர டிரம்மில் கொட்ட வேண்டும். பிடி அரிசிக் காணிக்கை என்று பெயர். கையில் காசு புழங்காத பெண்களும் கொடுக்கட்டும் என்று எந்தக் காலத்திலோ ஏற்படுத்தியது. காணிக்கையைப் போனில் அனுப்புகிற இந்தக் காலத்திலும் எங்கள் ஊரில் நடக்கிறது. அதற்குச் சட்டம் ஒன்றே ஒன்றுதான். நீ இன்றைக்கு எதைச் சாப்பிடப் போகிறாயோ, அதிலிருந்துதான் அந்தப் பிடியை எடுக்க வேண்டும்.

நான் கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்து இருபத்தாறு வருஷம் ஆகிறது. கறம்பக்குடியிலிருந்து டவுன் பஸ்ஸில் அரைமணி நேரம். வீட்டில் தையல் மிஷின் போட்டு ஊருக்கெல்லாம் ஜாக்கெட் தைக்கிறேன், கொல்லையில் கோழியும் வளர்க்கிறேன். துணி வெட்டுகிற கத்தரிக்கோலைவிட என் வாய்க்குத்தான் கூர்மை அதிகம் என்று என் வீட்டுக்காரர் சொல்வார். அந்த வாய்க்காகவே என்னைச் சபையின் பெண்கள் சங்கத்துக்குச் செயலாளர் ஆக்கினார்கள். மாதம் ஒரு கூட்டம் நடக்கும். கொஞ்சமாக விதைக்கிறவர்கள் கொஞ்சமாகத்தான் அறுப்பார்கள், மனசாரக் கொடுங்கள் என்று நான் எழுந்து நின்று பேசுவேன். பேசி முடித்து உட்காரும்போது எனக்கே என்மேல் ஒரு மரியாதை வரும்.

எங்கள் வீட்டில் அரிசி இரண்டு இடத்தில் இருக்கும். சில்வர் டிரம்மில் கடையில் வாங்குகிற பொன்னி. அடுப்படி மூலையில் ஒரு பிளாஸ்டிக் வாளியில் ரேஷன் அரிசி. நாங்கள் சாப்பிடுகிற சோறு பொன்னியில்தான். ரேஷன் அரிசியில் இட்லிக்கு ஊறப்போட்டது போக மீதி வாளியில் கிடக்கும். பிடி அரிசி எடுக்கிற என் கை, சில்வர் டிரம்மைவிட்டு வாளிக்கு எந்த நாளில் மாறியது என்று எனக்கு நினைவில்லை. ஒருநாள் பொன்னி அடியில் கிடந்தது, குனிய முடியவில்லை, அப்படி ஏதோ ஒரு சாக்கில் ஆரம்பித்திருக்கும். பிறகு அதுவே பழகிவிட்டது.

இதற்கு என்னிடம் நியாயமும் இருந்தது. டிரம் நிறைந்ததும் சபையில் அந்த அரிசியை ஏலம் போடுவார்கள். எப்போதும் மாவு மில் வைத்திருக்கிற ஒருவர்தான் எடுப்பார். மாவாகப் போகிற அரிசிக்குப் பொன்னி என்ன, ரேஷன் என்ன? அந்த வழக்கில் வக்கீலும் நான், ஜட்ஜும் நான். தீர்ப்பு எப்படி வரும்?

போன வருஷம் கார்த்திகை மாதம் சபைக் கூட்டத்தில் ஒரு யோசனை வந்தது. எங்கள் ஊரில் எங்களைத் தவிர மற்றவர்கள் எல்லாம் இந்துக்கள்தான். மாரியம்மன் கோயில் திருவிழாவில் அன்னதானம் போடும்போது, வேதக்காரங்களும் வாங்க என்று ஒவ்வொரு வருஷமும் வீடு வீடாக வந்து கூப்பிடுவார்கள். நாங்களும் போய் வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு வருவோம். திருப்பி நாம் ஒரு நாளாவது அவர்களுக்கு இலை போட்டிருக்கிறோமா என்று போதகர் கேட்டார். மாசியில் வருகிற அறுப்பின் பண்டிகை அன்றைக்கு ஊர் முழுவதற்கும் சாப்பாடு போடுவோம், இந்த மூன்று மாதம் சேர்கிற பிடி அரிசியை ஏலம் விடாமல் அப்படியே சமைப்போம் என்றார். முதலில் கை தூக்கியது நான்தான். தூக்கிய கை கீழே இறங்கும்போதுதான் வாளி ஞாபகம் வந்தது.

உடனே திருந்திவிட்டேன் என்று சொல்ல ஆசைதான். ஆனால் மூன்று மாதம் இருக்கிறதே, அடுத்த வாரத்திலிருந்து பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். அடுத்த வாரம் என்பது பண்டிகைக்கு இருபது நாளுக்கு முன்னால்தான் வந்தது. அந்த இருபது நாளும் பொன்னியில் இரண்டு இரண்டு பிடியாகப் போட்டேன். மேலாக நல்ல அரிசி கிடந்தால் அடியில் இருப்பது தெரியாது என்று ஒரு நம்பிக்கை.

பண்டிகை அன்று காலை ஆறு மணிக்கு கறம்பக்குடியிலிருந்து சமையல் மாஸ்டர் வந்தார். எங்கள் கோயிலுக்குப் பின்னால் வேப்ப மரத்தடியில் அடுப்புக் கூட்டியிருந்தோம். நாங்கள் பத்துப் பதினைந்து பெண்கள் சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தோம். மாஸ்டர் மூட்டையைப் பிரித்து, ஒரு தாம்பாளத்தில் கொஞ்சம் கொட்டி, விரலால் விலக்கி விலக்கிப் பார்த்தார். தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்பார்கள். அவர் பார்த்துவிட்டார்.

"இது என்னங்கம்மா, ஆளாளுக்கு ஒண்ணு போட்டிருக்கீங்க? பொன்னி கெடக்கு, இட்லி அரிசி கெடக்கு, பச்சரிசியுங்கூட கெடக்கு. பாதிக்கு மேல ரேஷன் அரிசி. ஒண்ணு வேகறதுக்குள்ள இன்னொண்ணு கொழஞ்சுரும். இதுல வெள்ளச் சோறு வடிச்சா எம் பேருதாங்க கெடும்."

சொல்லிக்கொண்டே ஒரு கை அரிசியைத் தண்ணீர்ச் சட்டியில் போட்டார். அங்கங்கே சில அரிசிகள் மேலே மிதந்தன. அதைப் பார்த்த ஒரு சின்னப் பெண், புதிதாகக் கல்யாணமாகி வந்தவள், பிளாஸ்டிக் அரிசி என்று பதறினாள்.

நான் சும்மா இருந்திருக்கலாம். தவளை தன் வாயால் கெடும் என்று சும்மாவா சொன்னார்கள்? "பிளாஸ்டிக்கும் இல்ல, ஒண்ணும் இல்ல. அது சத்து சேத்த அரிசி. ரேஷன்ல கலந்துதான் தாராங்க. களையறப்ப மெதக்கும், வெந்துட்டா ஒண்ணும் தெரியாது" என்றேன்.

அங்கே இருந்த எல்லோருடைய வீட்டிலும் ரேஷன் கார்டு இருக்கிறது. எல்லோருக்கும் அது தெரியும். ஆனால் தெரியும் என்று காட்டிக்கொண்டது நான் ஒருத்திதான்.

சபையின் பொருளாளர் அப்போதுதான் இலைக்கட்டோடு வந்து சேர்ந்தார். சிங்கப்பூரில் இருபது வருஷம் இருந்துவிட்டு வந்தவர். நல்ல மனுஷன், ஆனால் எதிலும் ஒழுங்கு ஒரு நூல் பிசகினாலும் தாங்க மாட்டார். விஷயத்தைக் கேட்டதும், "யாரு இந்த ரேஷன் அரிசியப் போட்டது?" என்றார்.

நான் வெங்காயத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கண்ணில் தண்ணீர் வர அதைவிட நல்ல காரணம் வேறு கிடையாது.

"நான் போட்டேங்க" என்று ஒரு குரல் வந்தது.

ஊர்க் கடைசியில் தனியாக இருக்கிறவள் அவள். புருஷன் தவறி ஏழெட்டு வருஷம் இருக்கும். பிள்ளை குட்டி இல்லை. வயல் வேலை இருந்தால் வயலுக்கு, இல்லையென்றால் நூறு நாள் வேலைக்கு. என்னைவிட ஐந்தாறு வயது சின்னவள், என்னை அக்கா என்று கூப்பிடுவாள். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் ஒரு சின்னத் துணிப்பையில் அரிசி கொண்டுவருவாள். கொட்டினால் டிரம்மில் சத்தம்கூட வராது, அவ்வளவுதான் இருக்கும்.

"ஏம்மா, ஊரே ஒக்காந்து சாப்பிடப் போவுது. காணிக்கைன்னு கொடுக்கறப்ப நல்லதாப் பாத்துக் கொடுக்க வேணாமா?" என்றார் பொருளாளர்.

"எங்க வீட்ல இதுதாங்க சோறு."

அதோடு விட்டிருக்கலாம். அவருக்கும் என்னைப்போலத்தான், வாய் நிற்காது. "அப்ப போடாமயாவது இருந்திருக்கலாம்ல" என்றார்.

அவள் அரிவாள்மணையை மடக்கி ஓரமாக வைத்தாள். கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு எழுந்தாள். கோபமாகவும் சொல்லவில்லை, அழவும் இல்லை. "சரிங்க. இனிமே போடல" என்றாள்.

எனக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறிவிட்டது. யார்மேல் கோபம் என்று அப்போது பிரித்துப் பார்க்கவில்லை. பக்கத்தில் இருந்தவர் பொருளாளர், அதனால் அவர்மேல் பாய்ந்தேன். "ஏங்க, சிங்கப்பூர்ல கணக்கெல்லாம் சொல்லித் தரலையா? ஒத்த ஆளு பொங்கற சோத்துல அள்ளுன பிடி அரிசி மூணு மாசத்துல அரை மூட்டை ஆகுமா? அவ போட்டது எம்புட்டு இருக்கும்? ரெண்டு படி இருக்குமா?"

"அப்ப மீதிய யாரு போட்டா?" என்றார் அவர். நியாயமான கேள்வி. கேள்வி வருகிற வழியைத் திறந்துவிட்டவளும் நானேதான்.

"நான்தான்" என்றேன்.

சொன்ன பிறகு உடம்பு லேசாகிவிட்டது என்றெல்லாம் இல்லை. காது இரண்டும் சுட்டது. சங்கத்துச் செயலாளர், மாதாமாதம் விதைப்பும் அறுப்பும் பேசுகிறவள், கையில் வெங்காயத்தோடு நின்றுகொண்டிருக்கிறேன். பொருளாளர் அடுத்த வார்த்தைக்கு வாயைத் திறந்தார். அதற்குள் அவருக்குப் பின்னாலிருந்து அவருடைய மனைவி, "நானுந்தான்" என்றார். திறந்த வாய் அப்படியே நின்றது. தன் வீட்டில் எந்த அரிசி எங்கே போகிறது என்று அந்த மனுஷனுக்கு எப்படித் தெரியும்? பிறகு இந்தப் பக்கம் ஒரு நானும், அந்தப் பக்கம் ஒரு நானும். பிளாஸ்டிக் என்று பதறிய புதுப்பெண்கூட, "எங்க மாமியார் அதுலதான் எடுக்கச் சொன்னாங்க" என்றாள். மாமியார் அவளுக்கு நேர் எதிரில் உட்கார்ந்திருந்தார்.

முதலில் சிரித்தவர் மாஸ்டர். "ஆக மொத்தத்துல, தான் திங்கிறத எடுத்துக் கொடுத்தது இந்தத் தங்கச்சி ஒண்ணுதான். அதப் போயி வெரட்டப் பாத்தீங்க" என்றார். அவர் நெற்றியில் திருநீறு பூசியிருந்தார். எங்கள் சட்டத்தை அவருக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. போதகர் அங்கியை மாட்டிக்கொண்டே கதவோரம் நின்று எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார். அன்றைக்குப் பிரசங்கம் எட்டே நிமிஷத்தில் முடிந்தது. சொல்ல வேண்டியதை மாஸ்டர் சொல்லிவிட்டாராம்.

பொருளாளர் அந்தத் தங்கச்சியிடம் போய், தப்பாகப் பேசிவிட்டேன், மனசில் வைத்துக்கொள்ளாதே என்றார். அவள் தலையை ஆட்டினாள். மறுபடி உட்கார்ந்து வெங்காயத்தை எடுத்தாள். ஆனால் போடுகிறேன் என்றும் சொல்லவில்லை, போடமாட்டேன் என்றும் சொல்லவில்லை. எனக்கு அதுதான் உறுத்தியது. இத்தனை பேர் கொடுத்ததில் ஒழுங்கான காணிக்கை அவளுடையது ஒன்றுதான். அதை நாங்களே சேர்ந்து நிறுத்திவிட்டால் பிறகு அந்த டிரம் எதற்கு?

அதற்குள் மாஸ்டர் வேலையைப் பிரித்துக் கொடுத்துவிட்டார். கலந்த அரிசியை உதிரியாக வடிக்க முடியாது, ஆனால் குழைய விடலாம். பருப்பும் காய்கறியும் போட்டுக் கூட்டாஞ்சோறாக ஆக்கிவிடுவோம் என்றார். நாங்கள் எல்லோரும் முறத்தோடு உட்கார்ந்து கல்லும் வண்டும் போகப் புடைத்தோம். நான் போட்ட வண்டை நானே பொறுக்கினேன். நான் விதைத்ததன் அறுப்பு மடியில் குவிந்தது என்று சொல்லிக்கொள்ளலாம். காய்கறி பீடத்தின் படியில் இருந்தது. பண்டிகைக்கென்று ஆளுக்கொன்றாகக் கொண்டுவந்து அலங்காரமாக அடுக்கியிருந்த பரங்கிக்காய், கத்தரிக்காய், அவரை, முருங்கை, தேங்காய். ஆராதனை முடிந்ததும் ஏலம் விடுவதற்காக வைத்திருந்தவை. ஜெபம் முடிந்த கையோடு மாஸ்டர் ஆள் அனுப்பி அத்தனையையும் அண்டாவுக்கு வாரிக்கொண்டு போனார். பொருளாளர் ஒரு பெரிய பரங்கிக்காயை மட்டும் கொஞ்ச நேரம் விடாமல் பிடித்துக்கொண்டிருந்தார். அவர் தோட்டத்துக் காய். அதுவும் போனது.

ஒரு மணிக்கு ஊர் வந்து உட்கார்ந்தது. முதல் பந்தியில் மாரியம்மன் கோயில் பூசாரி, ஊராட்சித் தலைவர், எதிர்வீடு, பக்கத்து வீடு எல்லோரும். கூட்டாஞ்சோறு, மேலே நெய், பக்கத்தில் ஆட்டுக்கறி வறுவல், கறி சாப்பிடாதவர்களுக்கு அப்பளம். இரண்டாம் தடவை கேட்காத இலை இல்லை. எதிர்வீட்டுக்காரி வழித்து நக்கிவிட்டு, "என்ன அரிசிங்க இது, இப்புடிப் பூவாட்டம் இருக்கு? கடைப் பேரச் சொல்லுங்க" என்றாள். காலையில் ஒரு தடவை சொல்லிவிட்டதால் இரண்டாம் தடவை சுலபமாக இருந்தது. ரேஷன் அரிசி என்றேன், கதையையும் சொன்னேன். அவள் இங்கிட்டும் அங்கிட்டும் பார்த்துவிட்டு என் காதுப் பக்கம் சாய்ந்தாள். "எங்க அன்னதானத்துக்கு நான் மட்டும் என்னத்தக் குடுத்தேன்னு நெனைக்கிறீங்க?" என்றாள். தினை விதைத்தவன் தினை அறுப்பான் என்று பேசிக்கொள்வதில் இரண்டு பக்கமும் ஒன்றுதான். விதை வாங்குகிற கடையும் ஒன்றுதான் என்று அன்றைக்குத் தெரிந்தது.

கூட்டம் கலைந்த பிறகு, காலையில் பேச்சு வாங்கியவளைத் தேடினேன். குழாயடியில் அண்டா துலக்கிக்கொண்டிருந்தாள். நானும் முந்தானையைச் சொருகிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தேன். மனசில் இருந்ததைக் கேட்டுவிட்டேன். எங்களைக் காப்பாற்றத்தான் நான் போட்டேன் என்று நீ ஒத்துக்கொண்டாயா என்று கேட்டேன்.

அவளுக்குக் கேள்வியே புரியவில்லை. "யாரு போட்டான்னு கேட்டாரு. நான் போட்டிருந்தேன், சொன்னேன். வேற என்னக்கா?" என்றாள்.

நான் அவளை மனசுக்குள் பெரிய தியாகியாக்கி வைத்திருந்தேன். அவள் உள்ளதைச் சொல்லியிருக்கிறாள், அவ்வளவுதான். நான் அசடு வழிய அண்டாவைத் தேய்த்தேன். கொஞ்சம் கழித்து அவள் சாதாரணமாக, "ஆமா, நீங்க அந்த அரிசியச் சோறு பொங்க மாட்டீங்களாக்கா? அப்ப அத என்னதான் செய்வீங்க?" என்று கேட்டாள்.

அன்றைக்கு ஊரே கேட்க ஒத்துக்கொண்டவள் நான். ஆனால் இந்தக் கேள்விக்கு மட்டும் பொய் சொல்லலாமா என்றுகூட ஒரு நிமிஷம் யோசித்தேன். "கோழிக்குப் போடுவோம்" என்றேன்.

அவள் தேய்ப்பதை நிறுத்தினாள். என்னைப் பார்த்தாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தாள். தோள் குலுங்க, கையில் இருந்த தேங்காய் நார் கீழே விழுகிற அளவுக்குச் சிரித்தாள். "அதானா ஒங்க வீட்டுக் கோழியெல்லாம் அம்புட்டு மினுமினுப்பு" என்றாள். அவள் சிரித்ததால் நானும் சிரித்தேன். ஆனால் எனக்கு வெட்கமாக இருந்தது. இத்தனை வருஷத்தில் அவ்வளவு வெட்கப்பட்டது அந்தக் குழாயடியில்தான்.

மறுநாள் ஒரு விடைக்கோழியைப் பிடித்துக் கூடையில் போட்டு மூடி அவள் வீட்டுக்குக் கொண்டுபோனேன். இன்னும் முட்டை வைக்க ஆரம்பிக்காத கோழி, என் கூட்டத்திலேயே நல்ல சிவப்பு. அதில் பாதி பிராயச்சித்தம், பாதி கைக்கூலி. அடுத்த ஞாயிறு அவள் பையோடு வர வேண்டுமே என்கிற கவலை. அவள் வேண்டாம் என்று பிகு பண்ணவில்லை. வாங்கிக் கால் இரண்டையும் பிடித்துத் தூக்கிப் பார்த்து, சந்தோஷமாக உள்ளே கொண்டுபோனாள்.

அந்த ஞாயிறு அவள் ஆராதனைக்கு வந்தாள். கையில் பை இல்லை. பெண்கள் வரிசையாகப் போய் டிரம்மில் கொட்டினார்கள். அன்றைக்கு விழுந்தது எல்லாம் வெள்ளை வெளேர் என்று பொன்னி. அவள் பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தாள். பொருளாளர் என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். அவர் முகத்தில் இருந்த கலக்கத்தைப் பார்த்த பிறகு எனக்கு அவர்மேல் இருந்த கோபமும் போய்விட்டது.

அதற்கடுத்த ஞாயிறு அவள் கொஞ்சம் தாமதமாக வந்தாள். நேராகப் பீடத்துக்குப் போனாள். துணிப்பையை டிரம்மில் கவிழ்த்தாள். வழக்கம்போலச் சத்தம் வரவில்லை. பிறகு முந்தானை முடிச்சை அவிழ்த்து ஒரு முட்டையை எடுத்துப் பீடத்தின் படியில், உருண்டுவிடாமல் சுவரோரமாக வைத்தாள்.

ஆராதனை முடிந்ததும் வாசலில் அவளைப் பிடித்துக்கொண்டேன். "போன வாரம் ஏன் பை கொண்டாரல? கோச்சுக்கிட்டியோன்னு நெனச்சேன்."

"காச்சலுக்கா. அந்த வாரம் பூரா ஒலையே வைக்கல. ஒலை வச்சாத்தானே பிடி எடுக்கணும்."

"முட்டை?"

"நீங்க கொடுத்த கோழிதான். முந்தாநேத்து மொத மொத வச்சது."

காய்ச்சலில் கிடந்த உடம்பு. கன்னம் ஒட்டிப்போயிருந்தது. எனக்குப் பழைய கோபம் எட்டிப் பார்த்தது. "ஏண்டி, அத அவிச்சுத் தின்னிருந்தா ஒடம்புக்கு ஆகியிருக்கும்ல?" என்று அதட்டினேன்.

"நாளைக்கு ஒண்ணு வைக்கும்லக்கா" என்றாள்.

வைக்கும்தான். அது என் கோழி, எனக்குத் தெரியாதா? எத்தனையோ வருஷமாக வளர்க்கிறேன், எத்தனையோ கோழி முதல் முட்டை வைத்திருக்கிறது. அதில் ஒன்றைக்கூட நான் யாருக்கும் கொடுத்ததில்லை.